மாட்டுக்கு வந்தது குதிரைக்கு ஏன் வரவில்லை? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். இந்த முறை வந்த கேள்விகளில் ஒன்று என்னை விடவே இல்லை. பெங்களூர் ஹலசூரிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கல்யாண ஊர்வலத்துக்கு அனுப்பும் குதிரை இரண்டு, கறவை மாடு மூன்று, எல்லாம் ஒரே கொட்டகையில். "மூன்று மாட்டுக்கும் கோமாரி வந்துவிட்டது. பக்கத்திலேயே நின்ற குதிரைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏன் சார்? மாட்டுக்குப் போடும் தடுப்பூசியைக் குதிரைக்கும் போட்டு வைக்கலாமா?" என்று கேட்கிறார்.

முதலில் நேரான பதில். போட வேண்டாம். கோமாரி பிளவுபட்ட குளம்புள்ள பிராணிகளுக்கு வரும் நோய். மாடு, எருமை, ஆடு, பன்றி எல்லாம் அதில் சேரும். குதிரைக்கு ஒற்றைக் குளம்பு, அதற்கு வராது. மாட்டுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடுங்கள். 2019-லிருந்து தேசிய அளவில் திட்டமாகவே அந்த ஊசியைப் போடுகிறார்கள், உங்கள் வாசலுக்கே வருவார்கள்.

ஆனால் குதிரைக்கு வராது என்பதால் குதிரையால் வராது என்று ஆகிவிடாது. உங்கள் குதிரை சாயங்காலம் சிவாஜி நகருக்குப் போகிறது, ராத்திரி திரும்புகிறது. போன இடத்தில் நோய் கண்ட மாட்டின் எச்சில் விழுந்த சேற்றை மிதித்திருந்தால், குளம்பில் ஒட்டிய சேறும் உங்கள் செருப்பும் கிருமியைக் கொண்டுவந்துவிடும். கொட்டகைக்குள் விடும் முன் நான்கு குளம்பையும் கழுவுங்கள். உங்கள் காலையும் கழுவுங்கள்.

வழக்கமாகப் பார்க்கிறவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்வேன் என்று தெரியும். மாட்டை வைத்துக் குதிரையைக் கணக்குப் போடாதீர்கள். மாட்டின் வயிறு பற்றிப் பேசியபோதும் இதைத்தான் சொன்னேன். மாடு நாலு அறை வயிற்றில் முதலில் புளிக்கவைத்துத் தின்கிறது. குதிரைக்கு அந்த வேலை பின்குடலில் நடக்கிறது. குதிரையால் வாந்தி எடுக்கவும் முடியாது. தின்றது தப்பாகப் போனால் வெளியே தள்ள வழி இல்லை, வயிற்றுவலியில் உருண்டு புரளும்.

மருந்திலும் அப்படித்தான். சைலசின் என்று ஒரு மயக்க மருந்து இருக்கிறது. குதிரைக்குக் கொடுக்கும் அளவில் பத்தில் ஒரு பங்கே மாட்டுக்குப் போதும். குதிரை அளவை மாட்டுக்குப் போட்டால் மாடு எழுந்திருக்காது. தலைகீழாக ஒன்று சொல்கிறேன். கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனங்களிலும் மொனென்சின் என்ற மருந்தைச் சேர்ப்பார்கள். மாட்டுக்கு அது ஜீரணத்துக்கு உதவும். கொஞ்சம் போனாலும் குதிரையின் இதயத் தசையைக் கெடுத்துவிடும், உயிரே போய்விடும். "மாட்டுத் தீவனம் மீந்துபோச்சு, குதிரைக்குப் போட்டேன்" என்று யாராவது சொன்னால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தயவுசெய்து போடாதீர்கள். கொள்ளும் புல்லும் தனியாகவே வைத்திருங்கள்.

சரி, இப்போது அந்தத் தம்பி கேட்டிருக்க வேண்டிய கேள்விக்கு வருகிறேன். குதிரைக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார். மாட்டுக்கு வந்தும் ஏன் தெரியவில்லை என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய கேள்வி.

சர்ரா என்று ஒரு நோய் உண்டு. குதிரைக்கு வந்தால் இன்று காய்ச்சல் அடிக்கும், நாளை இறங்கிவிடும், சில நாளில் மறுபடியும் ஏறும். காலும் அடிவயிறும் வீங்கும், விலா எலும்பு தெரிய இளைக்கும், பின்னங்கால் தள்ளாடும். கவனிக்காமல் விட்டால் பெரும்பாலும் பிழைக்காது. அதே கிருமி மாட்டின் ரத்தத்திலும் எருமையின் ரத்தத்திலும் இருக்கும், ஆனால் மாடு நன்றாகத் தின்றுகொண்டு நிற்கும். பால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கடிக்கிற பெரிய ஈ ஒன்று மாட்டைக் கடித்துப் பாதியில் விரட்டப்பட்டு, ரத்தம் ஒட்டிய வாயோடு பக்கத்தில் நிற்கும் குதிரையைக் கடித்தால் முடிந்தது கதை.

இதை முதலில் கண்டவர் கிரிஃபித் எவன்ஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர். 1880-ல் அன்றைய பஞ்சாபில், டேரா இஸ்மாயில் கானில், ராணுவக் குதிரைகளும் ஒட்டகங்களும் செத்துக்கொண்டிருந்தன. அவர் ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். அதற்குமுன் எலியின் ரத்தத்தில் இப்படிப்பட்ட உயிரைப் பார்த்தவர்கள் அது ஒன்றும் செய்யாது என்று முடிவு கட்டியிருந்தார்கள். எவன்ஸ் விடவில்லை. நோயுற்ற குதிரையின் ரத்தத்தை நல்ல பிராணிக்குச் செலுத்திப் பார்த்தார், நோய் வந்தது. இன்று கிருமியே அவர் பெயரில் இருக்கிறது.

நுண்ணோக்கியில் அதை நேரில் பார்க்க வேண்டும் என்பேன். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுப் புது ரத்தம், மேலே மெல்லிய மூடி. முதலில் சிவப்பணுக்கள்தான் தெரியும். கொஞ்சம் பொறுத்தால் ஓரிடத்தில் மட்டும் சிவப்பணுக்கள் தாமாக இடிபட்டு விலகும். அங்கே பார்வையை நிறுத்தினால், தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு நெளிவதைப் போல அது துடித்துக்கொண்டு போகும். மாணவர்களுக்கு அதைக் காட்டும்போதெல்லாம் எனக்கும் சிலிர்க்கும்.

இந்தக் கிருமி தன் மேலுறையை மாற்றிக்கொண்டே இருக்கும். உடம்பு ஒன்றை அடையாளம் கண்டு அடிப்பதற்குள் வேறொன்று வந்துவிடும். காய்ச்சல் ஏறி இறங்குவது அதனால்தான், இன்றுவரை தடுப்பூசி இல்லாததும் அதனால்தான். மருந்து இருக்கிறது. அதிலும் பாருங்கள், குதிரைக்கு வழக்கமாகத் தருவது குயினாபைரமின். மாட்டுக்குப் போடும் டிமினசினைக் குதிரை அவ்வளவாகத் தாங்காது. மறுபடியும் அதே பேச்சுதான், மாட்டை வைத்துக் குதிரையைக் கணக்குப் போடாதீர்கள்.

அதற்காக மாட்டு ஆராய்ச்சி வேறு, குதிரை ஆராய்ச்சி வேறு என்று நினைக்காதீர்கள். 2019-ல் ஒடிசாவில் தோல் கழலை நோய் தலைகாட்டியது. 2022-ல் குஜராத்திலும் ராஜஸ்தானிலும் மாடுகள் உடம்பெல்லாம் கட்டியோடு விழுந்தன. அவசரத்துக்கு ஆட்டு அம்மைத் தடுப்பூசியைப் போட்டார்கள். அந்த ஆகஸ்டில் தோல் கழலைக்கென்றே ஒரு தடுப்பூசியை உருவாக்கி அறிவித்தது எந்த நிறுவனம் தெரியுமா? ஹிசாரில் உள்ள தேசிய குதிரை ஆராய்ச்சி மையம், இஸட்நகர் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து. குதிரைக்காரர்கள் மாட்டைக் காப்பாற்ற வந்தார்கள். எனக்கு அதில் அவ்வளவு சந்தோஷம்.

நம் ஊரிலேயே ஹெப்பாள் இருக்கிறது. அங்கே இன்று கால்நடை நலனுக்கும் தடுப்பு மருந்துக்குமான நிறுவனமாக இருப்பது, 1925-ல் மைசூர் சீரம் நிறுவனமாக வெக்கை நோய்க்கு மருந்து தயாரிக்கத் தொடங்கியதுதான். ஊர் ஊராக மாட்டை வாரிக்கொண்டு போன அந்த வெக்கை உலகத்திலேயே ஒழிந்துவிட்டதாக 2011-ல் அறிவித்தார்கள். கால்நடை ஆராய்ச்சியால் என்ன பயன் என்று கேட்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஆகவே தம்பி, குதிரை இரண்டுக்கும் டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். லாட ஆணி குத்தினாலே குதிரைக்கு அது வந்துவிடும், மாடு அளவுக்குத் தாங்காது. ஊசி போடும்போது ஒரு பிராணிக்கு ஒரு ஊசிமுனை என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், ஒரே முனையால் சர்ராவும் பரவும். குதிரைக்குக் காய்ச்சல் ஏறியிருக்கும் நேரத்திலேயே மருத்துவரை அழைத்து ரத்தம் எடுக்கச் சொல்லுங்கள், இறங்கிய பிறகு எடுத்தால் கிருமி கண்ணில் படாமல் போகலாம். கூடவே, கோமாரி தீர்ந்து நன்றாகத் தின்றுகொண்டு நின்றாலும் அந்த மூன்று மாட்டின் ரத்தத்தையும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேண்டாம் என்று யார் சொன்னாலும் விடாதீர்கள்.

அடுத்து, கன்று ஈன்றவுடன் மாடு படுத்துவிடுவது பற்றி ஒசூரிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார்.