"உன் தேவனைச் சந்திக்க ஆயத்தப்படு": டோனாவூர் போயிட்டு வர்ற வழியில

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். காத்து அதிகமா இருக்கு, குரல் கேக்கும்னு நம்புறேன். களக்காடு பக்கத்துல ரோட்டோரமா வண்டிய நிறுத்திட்டுப் பேசுறேன். இப்பதான் டோனாவூர்ல இருந்து வர்றேன். உள்ள வீடியோ எடுக்கல. பிள்ளைங்க வளர்ற இடம், எடுக்கவும் கூடாது.

ஏமி கார்மைக்கேல் அம்மாவ நம்ம திருநெல்வேலி சபைகள்ல தெரியாதவங்க குறைவு. அயர்லாந்துல பிறந்த மிஷனரி, டோனாவூர்ல இந்தப் பிள்ளைங்க இல்லத்தத் தொடங்குனவங்க. 1895ல இந்தியாவுக்கு வந்தாங்க, அதுக்கப்புறம் சொந்த ஊருக்கு ஒரு தடவ கூடத் திரும்பிப் போகல. 1931ல இதே களக்காட்டுல ஒரு வீட்டப் பாக்கப் போனவங்க, புதுசா வெட்டிப் போட்டிருந்த குழியில விழுந்து கால் முறிஞ்சுது. அதுக்கப்புறம் கிட்டத்தட்ட 20 வருஷம் படுக்கையிலதான். அங்க இருந்தே எழுதுனாங்க, ஜெபிச்சாங்க. 1951 ஜனவரி 18ல கர்த்தருக்குள்ள நித்திரையடைஞ்சாங்க.

என் கல்லறை மேல கல் வைக்காதீங்கன்னு சொல்லிட்டாங்க. பிள்ளைங்களுக்கு மனசு கேக்கல. பறவைங்க தண்ணி குடிக்க ஒரு கல்தொட்டி வச்சாங்க. அதுல ஒரே வார்த்தை: அம்மா.

அத நெனச்சா எனக்கு எங்க ஆச்சி ஞாபகம் வந்துரும். ஆச்சி ட்ரங்குப் பெட்டிக்குள்ள ஒரு வெள்ளைச் சேலைய மடிச்சு, அந்துருண்டை போட்டு வச்சிருந்தாங்க. பக்கத்துலயே ஒரு முடிச்சுல பணம், சவப்பெட்டிச் செலவுக்கு. சின்ன வயசுல அந்தப் பெட்டியத் திறந்தாலே எனக்குப் பயம். ஆயத்தம்னா இதுதான்னு ரொம்ப நாள் நெனச்சிருந்தேன்.

அடக்க ஆராதனையில அடிக்கடி ஒரு வசனம் கேப்போம். "உன் தேவனைச் சந்திக்கும்படி ஆயத்தப்படு." ஆமோஸ் 4:12. மிரட்டுற தொனியிலயே அத வாசிக்கிறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. அந்த அதிகாரத்த 6ஆம் வசனத்துல இருந்து வாசிச்சுப் பாருங்க. "நீங்கள் என்னிடத்தில் திரும்பாமற்போனீர்கள்"னு கர்த்தர் சொல்றாரு. ஒரு தடவ இல்ல, அஞ்சு தடவ! பஞ்சம் வந்துச்சு, திரும்பல. மழை நின்னுச்சு, திரும்பல. இப்படி ஒண்ணொண்ணா சொல்லி, கடைசியிலதான் ஆயத்தப்படுன்னு வருது. கண்டிப்பு இருக்கு, நியாயத்தீர்ப்பு இருக்கு, நான் மறுக்கல. ஆனா பிள்ள வருமான்னு வாசலையே பாத்துக்கிட்டு இருந்த தகப்பனோட மனவேதனையும் அதுல இருக்குல்ல? நாம சந்திக்கப் போறது அவரத்தான். முன்னப்பின்னத் தெரியாத ஒரு நீதிபதிய இல்ல.

ஆச்சிக்கு அது தெரிஞ்சிருந்துச்சு. அவங்களுக்கும் அவங்க தம்பிக்கும் பனங்காட்டு வரப்புல தகராறு. பல வருஷம் பேச்சுவார்த்தை இல்ல. ஒரு கிறிஸ்மஸுக்கு முந்தின நாள், யார்கிட்டயும் சொல்லாம நடந்தே தம்பி வீட்டுக்குப் போயிட்டாங்க. "எலே, என் மேலயும் தப்பு இருக்குடா"ன்னாங்களாம். அந்தத் தம்பி, எங்க சின்னத் தாத்தா, ஒண்ணும் பேசல, உள்ள போய் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொண்டுவந்து குடுத்தாராம். அந்த மாசியில ஆச்சி போய்ச் சேந்தாங்க. வெள்ளைச் சேலையத்தான் கட்டி விட்டோம். சின்னத் தாத்தா பெட்டியப் பிடிச்சுக்கிட்டு அழுத அழுக இன்னும் என் காதுல இருக்கு.

இதச் செஞ்சதாலதான் பரலோகம் கிடைச்சுதுன்னு நான் சொல்ல வரல. சிலுவையில தொங்குன கள்ளனுக்கு யார்கிட்டயும் போய் மன்னிப்புக் கேக்க நேரமே இல்ல. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்"னு இயேசு சொன்னாரே, அது முழுக்கக் கிருபை. ஆனா அந்தக் கள்ளனுக்கு இல்லாத நேரம் நமக்கு இருக்கு. காலு இருக்கு, வண்டி இருக்கு, போன் இருக்கு. மன்னிப்ப வாங்கிக்கிட்டவன், அடுத்தவன்கிட்ட ஒப்புரவாகாம எப்படி இருக்க முடியும்?

எனக்கும் ஒருத்தர் இருக்காரு. என் கூடப்பிறந்தவரு. நாலு வருஷமாப் பேசல. என்ன நடந்துச்சுன்னு இங்க சொல்ல மாட்டேன், அது எங்களுக்குள்ள. ஆனா தப்புல பாதிக்கு மேல என்னோடது. இங்க இருந்து அவரு வீட்டுக்கு அரை மணி நேரம்தான். அந்தப் பக்கம் திரும்புற ரோட்டுக்கிட்ட வந்ததும் கை நடுங்கிருச்சு, அதான் வண்டிய நிறுத்திட்டேன்.

எனக்காக ஜெபம் பண்ணிக்கோங்க. கிளம்புறேன்.