சீக்கு வந்த வீட்டில் மறுபடியும் அடை

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் முடிந்து பனி குறையத் தொடங்கும்போது, கோழி வளர்க்கிற வீடுகளில் இரண்டு வேலைகள் சேர்ந்து வரும். ஒன்று, அடை வைப்பது. இன்னொன்று, கோழிகளைக் கொத்தாகக் கொல்லுகிற வெள்ளைக்கழிச்சல் நோய்க்குத் தடுப்பூசி போடுவது. முதல் வேலையை யாரும் மறப்பதில்லை. முட்டை நின்றுபோன கோழி உடம்பை உப்பிக்கொண்டு, கூடையை விட்டு இறங்காமல், கை நீட்டினால் கொத்த வந்து தானாகவே நினைவூட்டிவிடும். இரண்டாவது வேலையை நினைவூட்ட யாரும் இல்லை. அதனால்தான் மாசி, பங்குனியில் ஒரு தெருவே கோழிகளைப் பறிகொடுத்து, வெறும் பஞ்சாரத்தைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

நான் பேசுவது பெரிய பண்ணைக்காரர்களுக்கு அல்ல. கொல்லையில் பத்து, பதினைந்து உருப்படி மேய்கிற வீடுகளுக்கு. அந்தக் கோழிகள் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் கணக்கில் வளர்பவை. முட்டை விற்ற காசும் சேவல் விற்ற காசும் சிறுவாட்டில் போய்ச் சேரும். பிள்ளைக்கு நோட்டு வாங்க, மகள் ஊருக்குப் போய்வர, யாரிடமும் கை நீட்டாமல் எடுக்கிற காசு அது. ஒரு மாடு செத்தால் ஊர் வந்து துக்கம் விசாரிக்கும். பதினைந்து கோழி ஒரே வாரத்தில் போனால் "கோழிதானே" என்பார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிப்பதில்லை. குஞ்சிலிருந்து கையில் வைத்து வளர்த்தவளுக்கு அது இழப்புதான். அழுதால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெள்ளைக்கழிச்சலை ஒரு தடவை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். காலையில் கூட்டைத் திறந்தால் முண்டியடித்து வெளியே வருகிற கோழிகள் வராது. ஒன்று இறக்கையைத் தொங்கப் போட்டு, கண்ணை மூடித் தூங்கி விழும். பின்பக்க இறகில் சுண்ணாம்பும் பச்சையும் கலந்த எச்சம் ஒட்டியிருக்கும். வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும். நாலைந்து நாள் தாக்குப்பிடித்த கோழிக்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். எங்கள் கொல்லையில் ஒரு செவலைப் பெட்டைக்கு அப்படி வந்தது. முன்னால் கம்பு கிடக்கிறது, அதற்குப் பசிக்கிறது, குனிந்து கொத்துகிறது. கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போவதால் அலகு தானியத்துக்குப் பக்கத்து மண்ணில் போய் விழுகிறது. மறுபடியும் கொத்துகிறது. மறுபடியும் மண். நோய் கொஞ்சம் விட்ட பிறகும் இந்த முறுக்கு சில கோழிகளுக்கு வாரக்கணக்கில் நிற்கும். அவை பல நேரம் சாவது நோயால் அல்ல, தின்ன முடியாமல், குடிக்க முடியாமல். ஊற வைத்த நொய்யைச் சிறு உருண்டையாக உருட்டி வாயில் வைத்து, தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டால் சில பிழைத்துக்கொள்ளும். செவலை பிழைத்தது. தலை சற்றுச் சாய்ந்தபடியே நடந்தாலும் பிறகு முட்டை வைத்தது.

இது கண்ணுக்குத் தெரியாத வைரஸால் வருகிற நோய். இங்கிலாந்தில் நியூகாசில் நகரத்துப் பக்கமும், ஜாவா தீவிலும் 1926-ல் இது கண்டறியப்பட்டது. நம் நாட்டில் அதற்கு அடுத்த ஓரிரு ஆண்டுகளில், இன்றைய உத்தராகண்டில் உள்ள ராணிகேத் என்ற மலையூரில் பதிவானது. கால்நடை மருத்துவமனையில் இதை ராணிகேத் நோய் என்று எழுதுவது அதனால்தான். அதே மலைப்பகுதியில் இருக்கிற முக்தேசுவர் ஆராய்ச்சி நிலையத்தில் 1940-களில் உருவான தடுப்பூசியைத்தான் இன்றும் நம் கோழிகளின் இறக்கைக்கு அடியில் போடுகிறோம்.

வைரஸ் என்பதால் மருந்துக்கடையில் வாங்குகிற கேப்சூலைப் பிரித்துத் தண்ணீரில் கலப்பதால் இந்த நோய் தீராது. சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம், பூண்டு, கீழாநெல்லி அரைத்து உருண்டை கொடுக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. நானும் கொடுக்கிறேன். கோழி தெம்பாக இருக்க அது உதவும் என்று நம்புகிறேன். ஆனால் தடுப்பூசிக்குப் பதில் அது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நோய் வந்துவிட்டது என்று தெரிந்த அன்று என்ன செய்வது? தூங்கி விழுகிற கோழியைத் தனியாகக் கட்டுங்கள். முதலில் நல்ல கோழிக்குத் தீனி வைத்துவிட்டு, கடைசியாகச் சீக்குக் கோழியிடம் போங்கள். கை, காலைக் கழுவிவிட்டுத் திரும்புங்கள். இந்த நோய்க் கிருமி நம் கண்ணில் பட்டால் கண் சிவந்து எரியும். அதனால் கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்க வேண்டாம். செத்த கோழியை வாய்க்காலிலோ குப்பைமேட்டிலோ எறியாதீர்கள். நாயும் காக்காயும் இழுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகும். ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்புத்தூள் தூவிப் புதையுங்கள். ஒரே நாளில் கொத்தாகச் செத்து, முகம் வீங்கி, கொண்டை நீலம் பாய்ந்திருந்தால் அது பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். அப்போது எதையும் கையால் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லிவிடுங்கள். கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண் இருக்கிறது.

இனி சொல்லப்போவதைச் சிலர் விரும்ப மாட்டார்கள். சீக்கு தட்டியதும் "சாவதற்குள் காசாக்கிவிடலாம்" என்று சாக்கில் கட்டிச் சந்தைக்குக் கொண்டுபோவது எல்லா ஊரிலும் நடக்கிறது. நல்லதுபோலத் தெரிகிற கோழிக்குள்ளும் அந்த நேரம் கிருமி இருக்கும். வெளியே தெரிய ஐந்தாறு நாள் ஆகலாம், சில நேரம் இரண்டு வாரம்கூட ஆகலாம். அதை வாங்கிப் போகிறவளும் நம்மைப் போல ஒருத்திதான். அவள் கொல்லையில் இருக்கிற கோழியெல்லாம் அதனோடு போகும். கையில் காசில்லாத கஷ்டம் எனக்குத் தெரியும். தெரிந்தும் சொல்கிறேன், விற்காதீர்கள். அதேபோல, வியாபாரி வந்தால் அவர் கூடையையும் சாக்கையும் வாசலோடு நிறுத்துங்கள். எங்கள் தெருவுக்கு நோய் பெரும்பாலும் அந்தக் கூடையில்தான் வந்திருக்கிறது.

சரி, தடுப்பூசிக்கு வருவோம். குஞ்சு பொரித்து ஐந்திலிருந்து ஏழு நாளுக்குள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நாலாவது வாரம் இன்னொரு தடவை சொட்டு. எட்டாவது வாரம் இறக்கைக்கு அடியில் தோலில் ஊசி, அரை மில்லி. பிறகு வருஷாவருஷம் பிப்ரவரி மாதத்தில் கால்நடைத்துறை இலவசமாக முகாம் நடத்துகிறது, அதை விடக்கூடாது. ஊசிக்கு ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள். வாடி நிற்கிற கோழிக்கு ஊசி போட வேண்டாம்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், சொட்டு மருந்துக் குப்பி நூறு கோழிக்கு, இருநூறு கோழிக்கு என்றுதான் கிடைக்கிறது. நம்மிடம் இருப்பது எட்டுக் குஞ்சு. அதற்காக ஒரு குப்பி வாங்குவதா என்று தள்ளிப்போடுகிறோம். கலந்த மருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. மீதியை எடுத்து வைத்து அடுத்த வாரம் போட்டால் அது வெறும் தண்ணீர். நாங்கள் கண்ட வழி, தெருவோடு சேர்ந்து போடுவது. யார் யார் வீட்டில் எப்போது அடை வைக்கிறோம் என்று பேசிக்கொண்டு, ஒரே வாரத்தில் குஞ்சு இறங்கும்படி வைக்கிறோம். ஒருத்தர் போய் ஐஸ் போட்ட பிளாஸ்கில் மருந்தை வாங்கி வருவார். விடியற்காலையில், கூடு திறப்பதற்கு முன்னால் வீடு வீடாகப் போவோம். கண்ணில் சொட்டு விழுந்ததும் குஞ்சு ஒரு தடவை இமைக்கும். அதைப் பார்த்த பிறகுதான் கையிலிருந்து கீழே விட வேண்டும். முன்னாலேயே விட்டால் தலையை உதறி மருந்தைச் சிந்திவிடும். குப்பி, ஊசி கிடைக்காத இடங்களுக்காகத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தீனியோடு கொடுக்கிற குருணை மருந்தும் உருவாக்கியிருக்கிறது. உங்கள் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இப்போது, எல்லாம் போய் இரண்டு மூன்று கோழி மட்டும் மிஞ்சிய வீட்டைப் பற்றிப் பேச வேண்டும். எனக்கு இதுதான் முக்கியம். மனசு வெறுத்துக் கூட்டை விறகுக்குப் போடுகிறவர்கள் உண்டு. மறுவாரமே சந்தையில் புதுக்கோழி வாங்கி விடுகிறவர்களும் உண்டு. இரண்டும் வேண்டாம். பழைய வைக்கோலையும் எச்சத்தையும் வாரி எரித்து, கூட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து, ஒரு மாதமாவது வெயிலில் காயவிடுங்கள். மிஞ்சிய கோழி தேறி, முட்டையிட்டு, அடைக்கு வரட்டும். சிறுவிடை என்கிற சின்ன உருவ நாட்டுக்கோழி வைத்திருப்பவர்களுக்கு இதில் கவலையில்லை, அது அடையில் உட்காருவதற்கென்றே பிறந்தது. முட்டைக்காக உருவாக்கிய இனங்களில் அந்தக் குணம் குறைந்துவிட்டது. அதனால் எத்தனை உயர்ந்த இனம் வாங்கினாலும் ஒரு சிறுவிடைப் பெட்டையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து நாளுக்குள் இட்ட முட்டையாக, கீறல் இல்லாததாகப் பத்துப் பன்னிரண்டு எடுங்கள். கழுவ வேண்டாம். கூடையில் மணலும் வைக்கோலும் போட்டு, நொச்சி இலையும் வேப்பிலையும் கீழே விரியுங்கள். கோழிப்பேன் ஏறினால் எவ்வளவு நல்ல அடைக்கோழியும் எழுந்து ஓடிவிடும். இடிக்குப் பயந்து இரும்புத்துண்டும் கரியும் மிளகாய் வற்றலும் போடுவது நம் வழக்கம், போட்டுக்கொள்ளுங்கள், கெடுதல் ஒன்றுமில்லை. ஏழாம் நாள் இரவு, இருட்டில் டார்ச் விளக்கின்மேல் முட்டையை வைத்துப் பாருங்கள். உயிர் பிடித்திருந்தால் சிவப்பு நரம்புகள் நடுவில் ஒரு புள்ளியிலிருந்து சிலந்திக் கால்போலப் பரவியிருக்கும். வெறுமையாகத் தெரிவது கூமுட்டை, எடுத்துவிடுங்கள். இரண்டு கோழியை ஒரே நாளில் அடை வைத்தால் இன்னொரு வசதி உண்டு. ஒன்றை நாய் பிடித்துவிட்டாலும், அதன் முட்டையை இருட்டிய பிறகு மற்றதன் அடியில் மெதுவாகத் தள்ளிவிடலாம், சேர்த்துக்கொள்ளும். ஒரு நாள் வயதுக் குஞ்சையும் அப்படிச் சேர்க்கலாம். பகலில் செய்தால் கொத்தும்.

இருபதாம் நாள் முட்டையைக் காதோரம் வைத்தால் உள்ளேயிருந்து கீச்சென்று சத்தம் கேட்கும். தாய்க்கோழியும் தாழ்ந்த குரலில் பதில் கொடுக்கும். மழுங்கிய பக்கத்தில் ஒரு சின்ன விரிசல் விழும். அப்புறம் மணிக்கணக்கில் ஒன்றும் நடக்காது. அந்த நேரம்தான் நம் கை பரபரக்கும். ஓட்டை உரிக்காதீர்கள். உள்சவ்வில் இன்னும் ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும், மஞ்சள் கருவின் மிச்சத்தைக் குஞ்சு வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டிருக்கும். அவசரப்பட்டு உரித்தால் ரத்தம் போய்ச் செத்துவிடும். விரிசல் விட்டதிலிருந்து ஒரு நாள்கூட ஆகலாம். அந்த மஞ்சள் கருவால்தான் பொரித்த குஞ்சு இரண்டு நாள் தீனியில்லாமல் தாங்குகிறது. ஆகவே முதலில் வந்த குஞ்சுக்காகக் கோழியைக் கீழே இறக்க வேண்டாம், பின்னால் வருகிற முட்டை ஆறிப்போகும்.

இறங்கிய பிறகு தண்ணீரை ஆழமில்லாத தட்டில், கூழாங்கல் போட்டு வையுங்கள். நொய்யும் கம்பும் போதும், கூடவே கறையான் பிடித்துக் கொடுத்தால் குஞ்சு சட்டென்று தேறும். பழைய பானையில் கிழிந்த கோணியும் காய்ந்த சாணமும் அடைத்து, தண்ணீர் தெளித்து, புற்றுக்குப் பக்கத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால் விடியற்காலையில் பானை நிறையக் கறையான் இருக்கும். படுக்கிற இடம் ஈரமாக இருந்தால் மூன்றாவது வாரத்துக்குமேல் ரத்தக்கழிச்சல் வரும், எச்சத்தில் ரத்தம் கண்டால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். இதற்கு மருந்து உண்டு, கேட்கும்.

இரண்டு மாதம் ஆனதும் தாய்க்கோழி குஞ்சுகளைக் கொத்தி விரட்டத் தொடங்கும், மறுபடியும் முட்டைக்குக் கேறும். எட்டாவது வாரத்து ஊசி போடவேண்டிய நேரமும் ஏறக்குறைய அதுதான். தாய் விரட்டுவதைப் பார்த்த அன்றே பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசி, மருந்து வாங்கிவர ஆளைச் சொல்லிவிடுங்கள்.

வணக்கம்.