ஒரு சுவருக்கு மட்டும் ஏன் புதுப் பெயின்ட்? வீடு வாங்கும் முன் பார்க்க வேண்டியதும் பேச வேண்டியதும்

[திரையில்: ஒரு படுக்கையறை. மூன்று சுவர்கள் மங்கலாக, நான்காவது மட்டும் பளிச்சென்று.]

வணக்கம். விற்பனைக்கு வந்திருந்த ஒரு பழைய அடுக்குமாடி வீட்டின் படுக்கையறையைப் பார்க்கிறீர்கள். மூன்று சுவர்களில் வண்ணம் மங்கியிருக்கிறது. நான்காவது சுவரிலோ பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. அந்தச் சுவருக்கு மறுபக்கம் இருப்பது குளியலறை. சென்னைப் புறநகரில் உள்ள இந்த வீட்டுக்கு என் அக்கா முன்பணம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு, தெரிந்த கொத்தனார் ஒருவரை அழைத்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்த ஐந்து ரூபாய் நாணயம் ஒன்று, வீட்டின் விலையில் ஒன்றேகால் லட்சம் ரூபாயைக் குறைத்துக் கொடுத்தது.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டத்தின் 55ஆவது பிரிவுப்படி, விற்பவர் தமக்குத் தெரிந்த முக்கியமான குறையை வாங்குபவரிடம் சொல்ல வேண்டும். ஆனால், வாங்குபவர் சாதாரணக் கவனத்துடன் பார்த்தாலே தெரிந்துவிடும் குறைக்கு அந்தக் கடமை கிடையாது. அதனால் கிரயம் முடிந்தபின் கசிவைப் பற்றிக் கேட்டால், "நேரில் பார்த்துத்தானே வாங்கினீர்கள்?" என்ற பதிலுக்குச் சட்டத்திலேயே இடமிருக்கிறது. "பேங்க் இன்ஜினியர் வந்து பார்த்தாரே" என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். கொடுக்கும் கடனுக்கு அந்தச் சொத்து ஈடாகுமா என்று பார்க்கத்தான் அவர் வருகிறார்; உங்கள் குளியலறைக் குழாய் ஒழுகுகிறதா என்று பார்ப்பது அவர் வேலையன்று.

இனி நாணயத்துக்கு வருவோம்.

[திரையில்: சுவரை நாணயத்தால் தட்டும் கை.]

பூச்சு செங்கல்லை நன்றாகப் பிடித்திருந்தால், தட்டும்போது ஒலி இறுகிக் கேட்கும். உள்ளே ஈரம் ஏறிப் பூச்சு விட்டுப்போயிருந்தால், காலி டப்பாவைத் தட்டியதுபோல் பொள்ளென்று கேட்கும். கொத்தனார் தரையிலிருந்து மேல்நோக்கி ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போனார். இடுப்பு உயரம் வரை வெற்று ஒலி, அதற்கு மேல் இறுகிய ஒலி. பிறகு கட்டிலை நகர்த்தச் சொன்னார். பெயின்ட் அடித்தவரின் பிரஷ் எட்டாத அந்த மூலையில், வெள்ளை மாவு தூவியதுபோல் உப்பு பூத்திருந்தது. செங்கல்லிலும் சிமென்டிலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரும் நீர் காற்றில் உலர, உப்பு மட்டும் சுவரில் தங்கிவிடுகிறது. துடைத்தால் போய்விடும், நீர் வரும் வழியை அடைக்காத வரை மீண்டும் பூக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஈரம் எங்கே நிற்கிறது என்பதே அது எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறது. தரைத்தள வீட்டில், எல்லாச் சுவர்களிலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் ஓதம் நின்றால், அது நிலத்திலிருந்து ஏறும் ஈரம். ஒரு சுவரில் மட்டும் திட்டாக இருந்தால், உள்ளே போகும் குழாயையோ மறுபக்கக் குளியலறையையோ சந்தேகிக்க வேண்டும். ஜன்னலுக்கு மேல் மூலையில் இருந்தால் சன்ஷேடு, கூரையில் வட்டமாக இருந்தால் மாடி வீட்டுக் குளியலறை அல்லது மொட்டைமாடித் தளம். உங்கள் வீட்டுச் சுவரில் ஓதம் இருந்தால், அது எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைக் கீழே எழுதுங்கள்; காரணத்தைச் சேர்ந்தே தேடுவோம்.

விரிசலையும் இப்படிப் படிக்கலாம். பூச்சில் வலைபோலப் பரவிய மயிரிழை விரிசல்கள் பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடும். பீமின் அடியிலோ தூணின் ஓரத்திலோ கோடு போட்டதுபோல் நேராக ஓடும் விரிசலைக் கண்டால் மட்டும் நின்று பாருங்கள். இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு பருக்கும். உள்ளே கம்பி பருத்து, கான்கிரீட்டை வெளியே தள்ளும்போது அந்த விரிசல் கம்பியின் வழியே ஓடும். கடற்காற்றின் உப்பு இதை விரைவுபடுத்துவதால், சென்னையின் திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற கரையோரப் பகுதிகளில் பழைய வீடு வாங்குவோர் பால்கனியின் அடிப்பகுதியை நிமிர்ந்து பார்க்காமல் திரும்பக் கூடாது. அங்கே கம்பி வெளியே தெரிந்தால், கொத்தனாரோடு நிறுத்தாமல் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவருக்குக் கட்டணம் கொடுத்துக் காட்டுங்கள்.

மின்சாரப் பெட்டியில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம் இருக்கிறதா என்று பார்த்து, அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். உடனே மின்சாரம் நிற்க வேண்டும். எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் போய்ப் பாருங்கள்.

பேச்சுவார்த்தையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அக்கா கொத்தனாரிடம் கூலியும் பொருளும் தனித்தனியாகக் காட்டும் மதிப்பீடு ஒன்றை எழுதி வாங்கினார். மொத்தம் 1,60,000 ரூபாய். ஆணி ஓட்டை, கதவுக் கீறல் எதையும் அதில் சேர்க்கவில்லை. சில்லறைக் குறைகளைச் சேர்த்தால் பெரிய குறையும் சில்லறையாகத் தெரியும் என்பது என் கருத்து.

"ஐயா, வீடு எங்களுக்குப் பிடித்திருக்கிறது. இந்தச் சுவருக்கும் குளியலறைக்கும் ஆகும் செலவை மட்டும் விலையில் பார்த்துக் குறைத்துக் கொடுங்கள்."

"அதற்கென்னம்மா, நானே ஆள் வைத்துச் சரிசெய்து தந்துவிடுகிறேன்."

நல்ல மனதோடுதான் விற்பவர் அப்படிச் சொன்னார். ஆனாலும் அக்கா சம்மதிக்கவில்லை. வீட்டை விட்டுப் போகிறவர் செய்யும் பழுது பெரும்பாலும் கிரய நாள் வரை தாங்கினால் போதும் என்ற அளவில் நின்றுவிடும். அங்கே இருபது ஆண்டு வாழப்போகிறவர் செய்வது வேறு. ஒரே ஒரு பழுதை மட்டும் விற்பவரிடமே விட வேண்டும்: மாடி வீட்டிலிருந்து வரும் கசிவு. அதை மாடிக்காரரின் சம்மதம் இல்லாமல் யாரும் தொட முடியாது என்பதால், மாடிக்காரரிடமும் குடியிருப்போர் சங்கத்திடமும் பேசிச் சம்மதத்தை எழுத்தில் வாங்கித் தருவதை விற்பவர் பொறுப்பாகவே வையுங்கள்.

இவை அனைத்தும் முன்பணத்துக்கு முன்பு நடக்க வேண்டும். அமெரிக்காவில் விலை ஒப்பந்தத்திலேயே பரிசோதனைக்கெனச் சில நாட்களும், குறை கண்டால் முன்பணத்தைத் திரும்பப் பெற்று விலகும் உரிமையும் வைப்பது பரவலான வழக்கம். நம் ஒப்பந்தங்களில் அப்படி ஒரு வரி தானாக வராது. வழக்கறிஞரிடம் சொல்லி எழுதச் சொல்லலாம்.

புதிய அடுக்குமாடி வீடு என்றால் நிலைமை வேறு. 2016ஆம் ஆண்டின் ரேரா சட்டம், அதாவது வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் 14ஆவது பிரிவின்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறையை நீங்கள் தெரிவித்தால், கட்டுநர் 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேற்படாமலோ வீடுகள் 8க்கு மேற்படாமலோ உள்ள திட்டங்களுக்கு ரேரா பதிவு கட்டாயமில்லை என்பதால், பதிவு எண்ணை முதல் நாளே கேளுங்கள். குறையைத் தொலைபேசியில் சொல்லாமல் தேதியிட்ட மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ படத்துடன் அனுப்புங்கள்.

[திரையில்: உடைத்த குளியலறைத் தரை.]

அக்காவுக்கு 1,25,000 ரூபாய் குறைந்தது. சாவி கைக்கு வந்த வாரமே குளியலறைத் தரையை உடைத்தோம். தளத்தை நிரப்பியிருந்த செங்கல் ஜல்லி முழுவதும் சேறாக இருந்தது. கழிவுநீர்க் குழாய் சுவருக்குள் நுழையும் இணைப்பில் ஒரு விரல் போகும் அளவுக்கு இடைவெளி. குழாயை மாற்றி, நீர்த்தடுப்புப் பூச்சு பூசி, ஓடு பதிப்பதற்கு முன் இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்தோம். படுக்கையறைச் சுவருக்கு மட்டும் இன்னும் வண்ணம் அடிக்கவில்லை. உள்ளீரம் வற்ற ஒரு கோடை முழுதும் வேண்டும் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார்.