முப்பது நிமிடத்துக்குள் எத்தனை பாட்டு?

நேயர்களுக்கு வணக்கம்.

எண்பதுகளில் சென்னையில், இசைத்தட்டுப் பாட்டைக் கேசட்டில் பதிந்து தரும் ரெக்கார்டிங் கடை இல்லாத கடைத்தெருவே கிடையாது. வாசலில் ஸ்பீக்கர், சுவர் முழுக்க எல்.பி., ஈ.பி. என்ற பெரிய, சிறிய இசைத்தட்டுகளின் உறைகள், மேஜைமேல் ஒரு நீள நோட்டு. வெற்று கேசட்டையும் பாட்டு லிஸ்ட்டையும் கொடுத்துவிட்டு, இரண்டு நாள் கழித்துப் போய் வாங்கி வந்திருப்பீர்கள். உரிமையாளர் அனுமதி இல்லாமல் பதிவது சட்டப்படி தவறு. அது தனியாகப் பேச வேண்டிய விஷயம். அந்த மேஜைக்குப் பின்னால் நடந்த வேலையைப் பற்றித்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன்.

முதலில் தட்டு. 1985-இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டில் பழைய தட்டுகள் குவிந்து கிடக்கும். வாங்குகிறவர் தட்டை உறையிலிருந்து எடுத்து, விளிம்பில் மட்டும் கை பட, விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடிப்பார். கருகருவென்று மின்னினால் நல்லது. சாம்பல் பூத்த மாதிரி மங்கலாக இருந்தால் தேய்ந்த முள்ளில் ஓடியது, தொடவே வேண்டாம். கீறல் இருந்தால் நகத்தால் மெல்ல வருடிப் பார்க்க வேண்டும். நகம் தடுக்கவில்லையென்றால் பெரும்பாலும் பயமில்லை. தடுக்கினால் பாட்டுக்கு நடுவே 'டிக்' கேட்கும். எல்.பி. ஒரு சுற்று சுற்ற 1.8 விநாடி ஆகும், 1.8 விநாடிக்கு ஒருமுறை அந்த 'டிக்' வந்துகொண்டே இருக்கும். தாளத்தோடு அது ஒட்டாது, கேட்கிறவருக்குத் தலைவலிதான்.

இனி கேசட். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 60 நிமிட கேசட் என்றால் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். டேப் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஆனால் அந்தக் கூடுதலை நம்பிக் கணக்குப் போடவே கூடாது. எண்பதுகளின் சினிமாப் பாட்டு சராசரியாக நாலரை நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பாட்டுக்கு 27 நிமிடம். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே 4 விநாடி இடைவெளி, ஆக 20 விநாடி. தொடக்கத்தில் ஒலி பதியாத வெள்ளை நாடா ஓட ஒரு 5 விநாடி. மொத்தம் 27 நிமிடம் 25 விநாடி. மீதி 2 நிமிடம் 35 விநாடியில் ஏழாவது பாட்டு ஏறாது.

பழைய பாட்டு என்றால் கணக்கே வேறு. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய '78' தட்டின் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும் என்பதால் அந்தக் காலத்துப் பாட்டு மூன்றேகால் நிமிடத்தை ஒட்டி இருக்கும். எட்டு பாட்டு தாராளமாகப் பிடிக்கும். ஒன்பதாவதையும் சேர்த்தால் 29 நிமிடம் 52 விநாடி. காகிதத்தில் அடங்குகிறது, இல்லையா? அங்கேதான் ஏமாறுவார்கள். கேசட்டில் பதியும் கருவியான டெக் இம்மியளவு வேகமாக ஓடினாலும் கடைசிச் சரணம் பாதியில் நின்றுவிடும். "அண்ணே, கடைசிப் பாட்டு அறுந்துபோச்சே" என்று வாடிக்கையாளர் கேசட்டோடு வந்து நிற்பார். பாட்டை நடுவில் வெட்டக் கூடாது. ரெக்கார்டிங் கடைக்கு இதைவிடப் பெரிய விதி எதுவும் கிடையாது. பக்கம் நிறையவில்லையா, வெறுமனே விடுங்கள். வெட்டாதீர்கள்.

அதனால் லிஸ்ட் வந்ததும் முதல் வேலை, நேரத்தைக் குறிப்பது. லேபிளில் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், ஒருமுறை ஓடவிட்டு, கடிகாரம் பார்த்து, உறையின் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்துவிட்டால் பிறகு எப்போதும் உதவும். வாடிக்கையாளர் எழுதிய முதல் பாட்டும் கடைசிப் பாட்டும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். நடுவில் உள்ளவற்றை ஏ பக்கத்துக்கும் பி பக்கத்துக்கும் மாற்றிப் போட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அடுத்தது ஒலி அளவு. ஒவ்வொரு தட்டும் ஒவ்வொரு அளவில் வெட்டப்பட்டிருக்கும். முதல் பாட்டுக்கு வைத்த அளவை அப்படியே விட்டால் இரண்டாவது பாட்டு கத்தும், மூன்றாவது முனகும். பாட்டில் உச்சமாக ஒலிக்கும் இடம் எது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் வயலின்கள் எல்லாம் சேர்ந்து எழும் இடையிசைதான் அது. அங்கே தட்டில் முள்ளை வைத்து, டெக்கில் ஒலி அளவு காட்டும் மீட்டர் பூஜ்யத்தைத் தொட்டுச் சற்றே தாண்டும்படி அளவைத் திருப்ப வேண்டும். குறைத்து வைத்தால் 'உஸ்' இரைச்சல் மேலே வரும், கூட்டி வைத்தால் குரல் பிசிறடிக்கும். வாடிக்கையாளர் வீட்டில் இருப்பது ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த சாதாரண டூ-இன்-ஒன் என்றால், இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதியை அணைத்துவிட்டுப் பதிய வேண்டும். இல்லையென்றால் அவர் வீட்டில் 'ச'வும் 'ஸ'வும் காதைக் குத்தும்.

எதை முதலில் செய்வது என்ற வரிசையும் முக்கியம். பாட்டு முடிந்ததும் முதலில் பதிவைத் தற்காலிகமாக நிறுத்தும் பாஸ் (pause) பொத்தான், பிறகுதான் முள்ளைத் தூக்க வேண்டும். மாற்றிச் செய்தால் முள் எழும்பும் 'டொக்' கேசட்டில் விழுந்துவிடும். முதலில் பாஸ், பிறகு முள். புதுக் கேசட்டை ஒருமுறை முழுக்க ஓட்டி, திரும்பச் சுற்றிவிட்டுப் பதிந்தால் நாடா சீராக ஓடும். பத்து கேசட்டுக்கு ஒருமுறை பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு, நாடாவில் ஒலியைப் பதியும் ஹெட்டைத் துடைக்க வேண்டும். பஞ்சில் செம்பழுப்பாக வருவது நாடாவிலிருந்து உதிரும் பொடி. அது படிந்தால் வாயில் துணி வைத்துப் பாடுவதுபோல் ஒலி மங்கும். ரப்பர் உருளையையும் துடைக்க வேண்டும். அது பிசுபிசுத்தால் நாடாவைச் சுற்றி உள்ளே இழுத்துக்கொள்ளும். 90 நிமிட கேசட்டின் நாடா மெல்லியது, அதற்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

நேரம் நெருங்கிவிட்டதாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சைகை வருகிறது. வீட்டில் பழைய தட்டு வைத்திருப்பவர்களுக்காக நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், நேராக நிறுத்திவையுங்கள். ஹெட் துடைக்கும் அந்த ஸ்பிரிட்டை 78 தட்டில் வைக்கவே வைக்காதீர்கள். அது அரக்கு சேர்த்துச் செய்தது. மரச்சாமானுக்குப் பாலிஷ் போடும் ஆசாரி அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்! 78-க்கு லேசாக நனைத்த மெல்லிய துணி போதும், தட்டில் முள் ஓடும் வரி போகும் திசையிலேயே துடைத்து, லேபிளில் ஈரம் படாமல் பாருங்கள். முள்ளும் வேறு வேறு. 78-க்கு உள்ள தடித்த முள்ளை எல்.பி.யில் ஒருமுறை ஓட்டினாலும் அந்த வரி போனது போனதுதான். வணக்கம்.