திகில் கதை கேட்டு வரும் வாசகர்

(சேலத்தில் நூலகப் பணியாளர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நூலகப் பணியில் இருக்கும் நண்பர்களே, வணக்கம்.

திகில் கதைகளைப் பற்றித்தான் பேசுவேன் என்று நானே கேட்டு இந்தத் தலைப்பைப் பெற்றேன். வாசகர்கள் ஆசையோடு கேட்டு வாங்கும் எழுத்தாக இருந்தும், நம்மிடையே மதிப்பில்லாமல் கிடக்கும் எழுத்து அது என்பதே அதற்குக் காரணம்.

இரவல் மேசையில் நீங்கள் பலமுறை கண்டிருக்கக்கூடிய ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். அம்மாப்பேட்டைப் பக்கம் தறி நெய்யும் குடும்பத்துப் பெண்மணி ஒருவர், படித்து முடித்த நாவலை மேசைமேல் வைத்துவிட்டு, பக்கத்தில் நிற்பவர் காதில் விழாதபடி, "இதே மாதிரி பயமா இருக்கற கதை வேற இருக்குதுங்களா?" என்று கேட்கிறார். நாம் வரவைப் பதிந்துகொண்டே, "அந்த அலமாரியில பாருங்கம்மா" என்கிறோம். அந்த அலமாரியிலோ குடும்ப நாவலும் துப்பறியும் நாவலும் திகில் நாவலும், நாலைந்து சேர்த்துக் கட்டிய மாத நாவல்களும் ஒன்றோடொன்று கலந்து நிற்கின்றன. முதுகில் எழுதிய பெயர் அழிந்துபோன கட்டு ஒன்றை உருவிப் பார்த்து, திரும்பச் செருகிவிட்டு, கையில் அகப்பட்ட ஏதோ ஒன்றோடு அவர் வீடு திரும்புகிறார். அவர் குரலைத் தாழ்த்தியது ஏன் என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். "இதையெல்லாமா படிக்கிறீங்க?" என்று எவரோ எப்போதோ முகம் சுளித்திருக்கிறார்கள்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகப் பணிக்கென வகுத்துத் தந்த ஐந்து விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பதும், ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பதும் உங்களுக்கு மனப்பாடம். அந்த விதிகளில் உயர்ந்த நூல், தாழ்ந்த நூல் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. 1948-ஆம் ஆண்டின் நூலகச் சட்டத்தின் வழியாக, சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் நூலக வரி கட்டுகிற ஊர் மக்களில் அந்தப் பெண்மணியின் குடும்பமும் அடக்கம். அவர் கேட்பது சலுகை அன்று, உரிமை.

திகில் கதை எனக்குப் பிடிக்காது, நான் எப்படி அதைப் பரிந்துரைப்பது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். உங்களுக்குப் பிடிக்க வேண்டிய தேவையே இல்லை. வாசகர் விரும்புவது எந்த அச்சத்தை என்று கேட்டு அறியத் தெரிந்தால் போதும். அதற்கு நம் கையிலேயே ஒரு பழைய கருவி இருக்கிறது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்தை, உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்து, "அணங்கே விலங்கே கள்வர்தம் இறையெனப் பிணங்கல் சாலா அச்சம் நான்கே" என்று, அது பிறக்கும் இடங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கு என்பதையும் சொல்லிவிடுகிறார். இரவல் மேசையில் அமர்ந்திருப்பவருக்கு இதைவிட நல்ல கேள்வித்தாள் கிடைக்காது என்பது என் எண்ணம்.

பேய், பழிவாங்கும் ஆவி, ஊர் எல்லைத் தெய்வம் ஆகியவற்றை விரும்புகிறவர் அணங்கின் பக்கம் நிற்பவர். கோயில், சித்தர், சாபம் என்று எழுதி 2024-இல் மறைந்த இந்திரா சௌந்தர்ராஜனைக் கேட்டு வருகிறவர்களில் பலர் இவ்வகையினர். கணவனால் கொல்லப்பட்டுப் பேயாகி வந்து பழிதீர்த்த பழையனூர் நீலியின் கதையையும், சுடுகாட்டில் பேயைக் கண்டு ஓடிவந்து தாயிடம் சொல்லி உயிர்விட்ட சார்ங்கலனின் கதை வருகிற மணிமேகலையின் எளிய உரைநடை வடிவத்தையும் இவர்களிடம் தயங்காமல் கொடுக்கலாம். காட்டையும் கொடிய விலங்கையும் பற்றிய கதைகளை விரும்புகிறவர், வேட்டை அனுபவ நூல்களையும் அதே பதைப்போடு படிப்பார். கொலைகாரனின் மனத்துக்குள் நுழைந்து பார்க்க விரும்புகிறவருக்குப் பேய்க்கதை சலிப்பூட்டும். அவருடைய அச்சம் கள்வரைச் சார்ந்தது. நான்காவதாகிய இறை என்பதில் அரசரோடு தந்தையையும் ஆசிரியரையும் உரைகாரர்கள் சேர்க்கிறார்கள். நம்மை ஆளும் இடத்தில் இருப்பவரிடம் நாம் கொள்ளும் அச்சம் அது. பூட்டிய வீடு, தப்ப முடியாத விடுதி, எதிர்த்துப் பேச முடியாத பெரியவர் என்று இக்காலத் திகில் எழுத்தில் மிக நுட்பமானவை பலவும் இந்த நான்காம் வகையில்தான் அடங்குகின்றன. ஆகவே, "பேய் வரணுங்களா, மனுஷங்களே பயமுறுத்தணுங்களா?" என்று ஒரு கேள்வியும், "ரத்தம், கொலை எல்லாம் இருந்தாப் பரவாயில்லைங்களா?" என்று இன்னொரு கேள்வியும் கேட்டால், பொருத்தமான நூல் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். இரண்டாம் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மெல்லிய நடுக்கத்தை நாடி வந்தவர் கையில் குரூரம் மிகுந்த நூலைக் கொடுத்தால், அவர் அந்த அலமாரிப் பக்கமே மறுபடி வரமாட்டார்.

பேய்க்கதைகள் மூடநம்பிக்கையை வளர்க்காதா என்ற கேள்வி, பகுத்தறிவு இயக்கம் வேரூன்றிய நம் மண்ணில் எழத்தான் வேண்டும். அதை நான் மதிக்கிறேன். ஆனால் பேயோட்டுகிறவன் நம்பச் சொல்கிறான். கதை எழுதுகிறவன், இரண்டு அட்டைகளுக்கு நடுவே சற்று நேரம் நம்பிப் பார்க்க அழைக்கிறான். புதுமைப்பித்தன் ‘காஞ்சனை’யை எழுதியபோது, நடந்தது பேயின் வேலையா மனத்தின் வேலையா என்று தீர்த்துச் சொல்லவில்லை. அந்த ஐயத்தோடு வாசகரை நிறுத்திவிடுவதுதான் அக்கதையின் வலிமை. ஐயப்படக் கற்றுக்கொடுக்கும் எழுத்து எப்படி மூடநம்பிக்கைக்குத் துணைபோகும்?

அமெரிக்காவில் திகில் எழுத்தாளர் சங்கம் நூலகர்களோடு கைகோத்து, 2019 முதல் ஆண்டுதோறும் கோடைக்காலத்திற்கென ஒரு பட்டியல் வெளியிடுகிறது. பெரியவர், இளையோர், சிறுவர் என்னும் மூன்று பிரிவினருக்கும் தலா மூன்று நூல்கள்தாம். எண்ணிக்கை குறைவாக இருப்பதால்தான் நூலகர் அவற்றைப் படித்துவிட்டுப் பேச முடிகிறது. வயது பிரித்திருப்பதும் கவனிக்கத்தக்கது. சிறுவர் பகுதிக்கு வேதாளம் சொன்ன கதைகள் போன்றவை போதும். பதின்வயதினர் வேறு நூல் கேட்டால், எடுத்துக் கொடுக்கும் முன் நீங்களே சில பக்கங்கள் புரட்டிப் பாருங்கள், பெற்றோர் வந்து கேட்டால் விடை சொல்ல உதவும்.

ஏற்காட்டு மலையில் பணிபுரிவோருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். சேர்வராயன் மலை ஊர்களில் வாழும், மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடியினரின் பெரியவர்களிடம் காடும் சாமியும் பற்றிய வாய்மொழிக் கதைகள் உண்டு. காப்பித் தோட்டங்களில் மூடுபனி இறங்கும் மாலையில், வாசகர் வட்டத்திற்கு அவர்களில் ஒருவரை அழைத்து, உரிய மரியாதையோடு உட்காரவைத்துக் கதை சொல்லச் செய்யுங்கள். அவர் இசைந்தால் மட்டும் எழுதி வையுங்கள். கதை முடிந்ததும் கூடியிருப்பவர்கள் கைக்கெட்டும் மேசையில் பத்துத் திகில் நூல்கள் இருக்கட்டும். அந்த வேளையில் அவை தாமாகவே இரவல் போகும்.

வரும் நவம்பரில் நூலக வார விழாவுக்கு மேசை போடும்போது, போட்டித் தேர்வு நூல்களுக்கும் தலைவர்களின் வரலாறுகளுக்கும் பக்கத்தில் திகில் கதைகளுக்கும் ஓர் இடம் கொடுங்கள். ஒவ்வொரு நூலோடும் உங்கள் கையெழுத்தில் இரண்டு வரி எழுதிய அட்டை ஒன்று இருக்கட்டும்: எந்த அச்சம், எவ்வளவு கடுமை, எந்த வயதினருக்கு. மாத நாவல் கட்டுகளின் முதுகில் பெயர்களை மறுபடி எழுதுங்கள். வாசகர் கேட்டு நம்மிடம் இல்லாத நூல்களின் பெயர்களை மேசையிலேயே ஒரு நோட்டில் குறித்துவைத்து, அடுத்த நூல் கொள்முதலுக்குப் பரிந்துரை அனுப்பும்போது அந்தப் பட்டியலையும் சேர்த்து மாவட்ட நூலக அலுவலகத்திற்கு அனுப்புங்கள்.