போட் மெயிலில் போட் எங்கே?

[காட்சி: இரவு. ராமேஸ்வரம் ரயில் நகர்கிறது]

சென்னையிலிருந்து ராமேஸ்வரம் போகிற இந்த ரயிலுக்குப் பேச்சுவழக்கில் இன்றைக்கும் ‘போட் மெயில்’ என்றுதான் பெயர். ரயிலுக்கு எதற்கு போட்?

[வரைபடம்: இரண்டு தீவுகள்]

இது பாம்பன் தீவு, ராமேஸ்வரம் இருக்கும் தீவு. அதன் வால் நுனியில் தனுஷ்கோடி. எதிரே இலங்கையின் மன்னார் தீவு. அதன் தலையில் தலைமன்னார். நடுவே சுமார் 35 கிலோமீட்டர் கடல்.

1914-ல் பாம்பன் பாலம் திறந்தது. அதே வருஷம் அக்கரையில் தலைமன்னார் வரை தண்டவாளம் வந்தது. அதுவரை கொழும்புக்குப் போக தூத்துக்குடியில்தான் கப்பலேற வேண்டும். இப்போது தனுஷ்கோடி வரை ரயில், அங்கே கப்பல், இறங்கினால் கொழும்பு ரயில். எல்லாம் ஒரே டிக்கெட்டில். கப்பல்கள் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச். பின்னாளில் இர்வின், கோஷன். எல்லாம் துரைமார் பெயர்.

[காட்சி: மண்டபம் முகாம்]

இந்த ஒரே டிக்கெட் கதையைத்தான் எல்லோரும் ரசித்துச் சொல்வார்கள். ஆனால் இந்தக் கப்பலின் கீழ்த்தட்டில் போனவர்கள் யார்? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கங்காணி, அதாவது ஆள்பிடிக்கும் மேஸ்திரி, அழைத்துப்போன கூலிக் குடும்பங்கள். அவர்களுக்கு முந்தைய தலைமுறை பாய்மரத் தோணியில் மன்னார் பக்கம் இறங்கி, காடு வழியே மலைநாட்டுக்கு நடந்தே போனது. வழியிலேயே காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் செத்தவர்கள் ஏராளம். கப்பல் அந்த நடையை மிச்சப்படுத்தியது, உண்மைதான். ஆனால் ஏறுமுன், பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் மண்டபம் என்ற ஊரில் இருந்த முகாமில், நாள்கணக்கில் அடைத்துவைப்பார்கள்: மருத்துவச் சோதனை, அம்மைத் தடுப்பூசி. முதல் வகுப்பு டிக்கெட்காரருக்கு அந்தத் தங்கல் கிடையாது!

[திரையில்: 30 அக்டோபர் 1964]

இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம். அந்தத் தோட்டங்களில் வேரூன்றிய மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அவர்களைக் கேட்டுச் செய்த முடிவல்ல.

53 நாள் கழித்து, டிசம்பர் 22 இரவு, புயல். தனுஷ்கோடிக்கு வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலைப் பயணிகளோடு கடல் கொண்டுபோனது. ஊரும் துறைமுகமும் போயின.

அதன்பின் கப்பல் ராமேஸ்வரத்துக்கே வந்து நின்றது. புதிய கப்பலுக்கு ‘ராமானுஜம்’ என்று ஒருவழியாக நம்மூர்ப் பெயர். அதில் வந்தவர்களுக்கு அரசுக் காகிதம் வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. அவர்களில் பலர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். இந்தியக் கரையை முதன்முதலாகப் பார்த்ததே அந்தத் தட்டிலிருந்துதான். இறங்கியதும் போய்ச் சேர்ந்த இடம்? அதே மண்டபம் முகாம்.

1980-களின் நடுவில், இலங்கை உள்நாட்டுப் போர்க் காலத்தில், கப்பல் நின்றது. அந்தப் பக்கத் தண்டவாளமும் 1990-ல் போனது. 2015-ல் அதைத் திரும்பப் போட்டு ரயில் விட்டார்கள்.

[காட்சி: அக்கரையின் கடைசி ரயில் நிலையம், பெயர்ப் பலகை]

நிலையத்தின் பெயர் ‘தலைமன்னார் பியர்’. பியர் என்றால் கப்பல் துறை. நம் பக்கம் ரயிலின் பெயரில் கப்பல், அந்தப் பக்கம் ஸ்டேஷன் பெயரில் துறை. நடுவே மீன்பிடிப் படகுகள் மட்டும்.