ஸ்டெம் செல்லுக்கும் சொந்த ஊர் உண்டு

[காட்சி: நுண்ணோக்கியில் இரண்டு வளர்ப்புத் தட்டுகள். இரண்டிலும் நீண்டு மெலிந்த செல்கள்]

இடது தட்டில் இருப்பவை எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்கள், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடியவை. வலது தட்டில் இருப்பவை வயிற்றுக் கொழுப்பிலிருந்து எடுத்தவை. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கின்றன, பெயரும் ஒன்றுதான்: மீசென்கைமல் ஸ்டெம் செல். இவை செய்யும் வேலையும் ஒன்றுதானா?

[காட்சி: தட்டு மெல்லச் சிவப்பாகிறது]

1999-இல் அமெரிக்காவில் பிட்டெங்கர் என்ற விஞ்ஞானியின் குழு, மனித மஜ்ஜை செல்களை மூன்று விதமாக மாற்றிக் காட்டியது. டெக்சாமெத்தசோன், வைட்டமின் சி, பீட்டா கிளிசரோபாஸ்பேட் கலந்த கரைசலில் சில வாரம் வளர்த்தால், செல்களைச் சுற்றிக் கால்சியம் படிகிறது. கால்சியத்தைச் சிவப்பாகக் காட்டும் அலிசரின் சாயம் விட்டால் தட்டு செக்கச்செவேலென்று ஆகிவிடும். அது எலும்பு. கரைசலை மாற்றி இன்சுலினும் வேறு சிலவும் சேர்த்தால், செல்லுக்குள் எண்ணெய்த் துளிகள் திரளும். அது கொழுப்பு. செல்களை உருண்டையாகத் திரட்டி டிஜிஎஃப் பீட்டா என்ற வளர்ச்சிப் புரதம் கொடுத்தால் குருத்தெலும்பு.

செல்லுக்குள் ரன்எக்ஸ்2 என்ற புரதம் ஓங்கினால் எலும்பு, பிபிஏஆர் காமா என்ற இன்னொரு புரதம் ஓங்கினால் கொழுப்பு. பிபிஏஆர் காமா ஓங்கும்போது எலும்பாகும் வழி அடங்கிப்போகும்.

2001-இல் கொழுப்பிலிருந்து எடுத்த செல்களும் இந்த மூன்றாகவும் மாறின. சரி, அப்படியானால் எல்லாம் ஒன்றுதான் என்று பலரும் நம்பினார்கள்.

[காட்சி: மிருதுவான ஜெல், கெட்டியான ஜெல்]

2006-இல் பென்சில்வேனியாவில் நடந்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. கரைசலை மாற்றவே இல்லை, செல் ஒட்டியிருக்கும் ஜெல்லின் கெட்டித்தன்மையை மட்டும் மாற்றினார்கள். மூளை அளவுக்கு மிருதுவான ஜெல்லில் மஜ்ஜை செல்கள் நரம்பு செல்லின் சாயலுக்கு வந்தன. தசை அளவில் தசைச் சாயல், இன்னும் கெட்டியானதில் எலும்புச் சாயல். இடம்கூட செல்லுக்கு வழி சொல்கிறது!

[காட்சி: எலியின் வரைபடம்]

அப்புறம் 2016. இத்தாலியில் பியாங்கோ என்ற விஞ்ஞானியின் குழு, செல்லை வற்புறுத்தும் கரைசல் ஏதும் இல்லாமல், வெவ்வேறு திசுக்களின் செல்களை எலியின் உடலுக்குள் வைத்துப் பார்த்தது. மஜ்ஜை செல்கள் எலும்பை உண்டாக்கின, ரத்தம் ஊறும் மஜ்ஜைக்கும் இடம் அமைத்தன. எலும்பின் மேலுறையிலிருந்து வந்தவை எலும்போடு நின்றுவிட்டன. தொப்புள்கொடி ரத்தத்தின் செல்கள் குருத்தெலும்பாயின. தசையிலிருந்து எடுத்தவையோ தசையாகத்தான் ஆயின, எலும்பாக மாறவே இல்லை.

தட்டில் நாம் பார்த்தது, மருந்து கொடுத்துத் தள்ளினால் செல் எதுவரை போகும் என்பதை. தானாக விட்டால், எந்தத் திசுவிலிருந்து வந்தது என்பதைப் பொறுத்துத்தான் அது மாறுகிறது. அதனால் 'ஒரே ஊசியில் மூட்டு, நரம்பு, இதயம் எல்லாம் சரியாகும்' என்று யாராவது சொன்னால், செல்லை எந்தத் திசுவிலிருந்து எடுத்தார்கள், உடலுக்குள் அது என்னவாக மாறியது என்பதை நிரூபித்திருக்கிறார்களா என இரண்டையும் கேளுங்கள்.